இருபதாவது பெயர்

குன்சானில் நவம்பர் பிறந்துவிட்டால் தாக் ஜொங்கிலின் கைப்பேசி ஓயாது. பாதி அழைப்பு, வீட்டுத் தரையைச் சூடாக்குகிற பாய்லர் கெட்டுப்போனவர்களிடமிருந்து வரும். தரை சூடாகவில்லை, பிள்ளைக்குச் சளி பிடித்துவிட்டது, கொஞ்சம் சீக்கிரம் வாங்க என்பார்கள். மீதிப் பாதி பேஸ்பால் பைத்தியங்களிடமிருந்து. ஆட்டமெல்லாம் முடிந்து மைதானத்துப் புல் உறைந்து கிடக்கிற மாதத்தில்தான் அந்தப் பைத்தியம் முற்றும். ஒப்பந்தம் முடிந்த பெரிய ஆட்டக்காரன் எந்த அணிக்குப் போவான் என்று அப்போதுதானே விடிய விடியப் பேச முடியும்?

ஜொங்கிலும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். அறுபத்தொரு வயது. பாய்லரைத் தொட்டுப் பார்த்தே நோய் சொல்லிவிடுகிற கெட்டிக்காரர், குன்சான் கொக்குகள் அணி என்று வந்துவிட்டால் மட்டும் அடிமுட்டாள். கொக்குகள் கோப்பை வாங்கி இருபத்தாறு வருஷம் ஆகிறது. அவருடைய மகள் ஹாரிம் அப்போது முதல் வகுப்பு. இப்போது அவளுக்கே ஐந்து வயதில் ஒரு பெண் இருக்கிறாள். இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் என்று மனுஷர் நம்பிக்கொண்டே இருக்கிறார். நம்பச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை, அணி நிர்வாகம் உட்பட.

இந்தக் குளிருக்கு எல்லார் வாயிலும் அகப்பட்ட அவல் யோ தேஹுன். வொன்ஜு கலைமான்கள் அணிக்காக வருஷத்துக்கு முப்பது ஹோம் ரன் அடித்தவன், ஒப்பந்தம் முடிந்து எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று நின்றான். அவன் குன்சானுக்கு வருகிறான் என்றார்கள். துறைமுகத்துப் பக்கம் ஒரு கடையில் காரமான கடல் நூடுல்ஸ் சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒருவன் எழுதினான். அது தேஹுன் இல்லை, அவனைப்போலப் பருத்த ஒரு மீன் வியாபாரி என்று மறுநாள் தெரிந்தது. தேஹுனின் மனைவி குன்சானில் மழலையர் பள்ளி விசாரிக்கிறாளாம். இல்லையாம், அது அவள் தங்கையாம். பழைய நிருபர் ஒருவர் தினமும் காணொளியில் வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குப் பெரிய செய்தி இருக்கிறது என்பார். நாளை வரும், போகும், அவர் மறுபடி வந்து கண்ணாடியைத் துடைப்பார். வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே! அவரைத் திட்டிக்கொண்டே ஜொங்கில் ஒரு நாள்கூடத் தவறாமல் பார்த்தார்.

இதில் அவருக்கு மட்டும் ஒரு கூடுதல் தலைவலி. ஹாரிமின் கணவன் குக் இன்சொக், கொக்குகள் அணியின் இரண்டாவது கேட்சர், மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கிறவருக்கு மாற்று ஆள். அதனால் ஊரே இவரிடம் உள்செய்தி கேட்டது. பாய்லருக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று கூப்பிட்ட அம்மாள்கூட, வேலை முடிந்து கிளம்பும்போது, தேஹுன் வர்றானா இல்லையா என்று கதவை மறித்தாள். மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்? ஒருமுறை கேட்டதற்கு, "மாமா, நானும் போன்லதான் பாத்துத் தெரிஞ்சுக்கறேன்" என்றான். பொய்யில்லை. ஆட்டக்காரனுக்கும் பார்க்கிறவனுக்கும் ஒரே கதிதான்.

நவம்பர் கடைசியில், அந்த நிருபர் ஒன்றுமே சொல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தேஹுன் கொக்குகள் அணியில் கையெழுத்துப் போட்டான். ஜொங்கில் அப்போது ஒரு குடியிருப்பின் பின்கட்டில் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். செய்தியைப் படித்ததும் தரையில் அப்படியே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். தண்ணீர் பீய்ச்சியடித்து முகமெல்லாம் நனைந்திருந்ததால் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை.

சந்தோஷம் ஒரு நாள் நின்றது. பெரிய ஆளைக் கூட்டிவந்தால் அவனுடைய பழைய அணி சும்மா விடாது. நம் அணியிலிருந்து ஒருவனை எடுத்துக்கொள்ள அதற்கு உரிமை உண்டு. நம் அணி இருபது பேரை மட்டும் காவல் பட்டியலில் எழுதி வைத்துக் காப்பாற்றிக்கொள்ளலாம், மற்ற யார் தலையிலும் கை விழலாம். பட்டியல் போக மூன்று நாள், ஆளை எடுக்க மூன்று நாள். அந்தப் பட்டியல் இரண்டு நிர்வாகங்களைத் தவிர யார் கண்ணுக்கும் படாது. எழுதப்பட்டவனுக்கும் தெரியாது, விடப்பட்டவனுக்கும் தெரியாது.

தெரியாத விஷயம் என்றால் ரசிகனுக்குக் கேட்க வேண்டுமா? ஆளாளுக்கு உட்கார்ந்து இருபது பேர் பட்டியல் எழுதி இணையத்தில் போடுவார்கள். ஜொங்கில் ‘பாய்லர்’ என்ற பெயரில் எழுதுவார். முன்பு இரண்டு முறை அவர் பட்டியல் போட்டார். இரண்டு முறையும் பறிபோனவன், மற்றவர்கள் சேர்த்திருக்க அவர் மட்டும் வெளியே விட்ட ஆள்தான். அதிலிருந்து பாய்லர் என்ன சொல்கிறார் என்று ஒரு கூட்டமே காத்திருந்தது. அந்தப் பெருமை அவருக்குத் தலைக்கேறியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தோ பியொங்தேயின் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்துதான் எழுதினார். பியொங்தே பத்து வயது இளையவர், மைதானத்தில் இருபது வருஷமாக அவருக்குப் பக்கத்து இருக்கை. பத்தொன்பது பெயர் சரசரவென்று வந்தது. இருபதாவதில் பேனா நின்றது. சா யூல் என்றொரு இருபது வயது இடக்கைப் பிட்சர், பந்து வீசுகிறவன், முழங்கையில் அறுவை செய்துகொண்டு படுத்திருப்பவன். இன்னொரு பக்கம் இன்சொக். முப்பத்திரண்டு வயது, இந்த வருஷம் முழுக்க ஆடியதே இருபத்தேழு ஆட்டம்.

"என்னண்ணே, மாப்பிள்ளை பேரு வந்ததும் பேனா மக்கர் பண்ணுது?" என்றார் பியொங்தே. "எழுதுங்க, எழுதுங்க. நான்கூட இன்சொக்கப் போட்டுருக்கேன், உள்ளூர்ப் பய. நீங்க போடலேன்னா பொண்ணு சோறு போடாது."

அந்தக் கிண்டல்தான் கெடுத்தது. வீட்டுப் பாசம் வேறு, அணி வேறு என்று ஜொங்கிலுக்கு ரோஷம் வந்துவிட்டது. நெஞ்சைத் தொட்டுச் சொன்னால் அணிக்கு எது நல்லது? இருபது வயது இடக்கை. சா யூல் என்று எழுதினார். எழுதும்போது மகளோ பேத்தியோ நினைவுக்கு வரவில்லை. வொன்ஜு எங்கே இருக்கிறது என்பதுகூட வரவில்லை.

மற்றவர்கள் பாசத்தில் சேர்த்திருந்தார்கள், இவர் ஒருவர்தான் விட்டார். ‘பாய்லர்’ யார் என்பதை அன்று மாலைக்குள் பியொங்தேயே பெருமையாக நாலு பேரிடம் சொல்லிவைக்க, இரவுக்குள் அது நாற்பதாயிரம் பேருக்குத் தெரிந்துபோனது. மாமனாரே வேண்டாம் என்ற மாப்பிள்ளை என்று தலைப்புப் போட்டுச் சிரித்தார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? பட்டியலை அழித்துப் பார்த்தார். அதற்குள் படம் பிடித்து வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை ஹாரிம் கூப்பிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

"அப்பா, நீங்கதான் எழுதுனீங்களா?"

அது சும்மா விளையாட்டுக்கு எழுதுவது, நிர்வாகம் அதையெல்லாம் பார்ப்பதில்லை என்று என்னென்னமோ சொன்னார்.

"நிர்வாகம் பாக்காதுப்பா. அவர் பாத்துட்டாரு."

அதற்குப் பிறகுதான் அவருக்குப் புத்தி வந்தது. வொன்ஜு மூன்று மணி நேரத் தூரம். இன்சொக்கை எடுத்துக்கொண்டால் ஹாரிம் போய்விடுவாள், பேத்தி சொதாம் போய்விடுவாள். தினமும் மூன்றரை மணிக்கு அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது இவர்தான். மனைவி இறந்த பிறகு அந்த மூன்றரை மணிக்காகத்தான் காலையில் எழுந்திருக்கிறார் என்று சொன்னாலும் தப்பில்லை. யோ தேஹுன் வேண்டும், வேண்டும் என்று நாலு வாரம் தவம் கிடந்தவர், அந்தத் தடியன் ஏன்தான் வந்தானோ என்று சபிக்க ஆரம்பித்தார்.

மொத்தக் கெடு ஆறு நாள். அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமே இல்லை. யாரைப் பார்த்துக் கேட்பது? நிர்வாக அலுவலகத்தின் வாசல் காவலாளி வீட்டு பாய்லரை ஒருமுறை சரிசெய்து கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான் இவருடைய செல்வாக்கு. வதந்தி மட்டும் நிற்காமல் வந்தது. வொன்ஜுவுக்குக் கேட்சர் வேண்டுமாம். அவர்களுடைய முதல் கேட்சர் ஓய்வு பெற்றுவிட்டானாம், இரண்டாவது ஆள் கட்டாய ராணுவச் சேவைக்குப் போகிறானாம். இல்லை, அவர்களுக்குப் பிட்சர்தான் வேண்டுமாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பெரிய செய்தி நாளைக்கு என்று நிருபர் கண்ணாடியைத் துடைத்தார். ஜொங்கில் ஒரு வீட்டில் வால்வைத் திறக்க மறந்துவிட்டு வந்து, மறுபடி போய் மன்னிப்புக் கேட்டார். கோயில் பக்கமே போகாதவர், மலையடிவாரத்துக் கோயிலில் இரண்டு நாள் மண்டியிட்டு விழுந்து விழுந்து எழுந்து முட்டி வீங்கிக்கொண்டார். எடுக்கக் கூடாது, அவனை எடுக்கக் கூடாது. வேண்டுதல் அது ஒன்றுதான்.

ஆறாவது நாள் மூன்று மணிக்குச் செய்தி வந்தது. வொன்ஜு கலைமான்கள் எடுத்துக்கொண்டது பத்தொன்பது வயது வெளிக்களக்காரன் ஒருவனை. பெயரைக்கூட யாரும் கேள்விப்பட்டதில்லை. ஜொங்கில் மூன்று முறை படித்தார். பிறகு சந்தைக்கு ஓடி, சோயாவில் ஊறவைத்த நண்டில் பெரிதாகப் பார்த்து ஒரு டப்பா வாங்கிக்கொண்டு, வேலைச் சட்டையோடு மகள் வீட்டுக்குப் போனார்.

ஹாரிம் பிள்ளையைக் கூட்டிவரப் போயிருந்தாள். போனில் பேசிய நாளிலிருந்து அவரை அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். இன்சொக் கதவைத் திறந்து, டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, உள்ளே வாங்க மாமா என்றான். சாப்பாட்டு மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் திறந்து கிடந்தது. இன்சொக் அதை மூடுவதற்குள் ஜொங்கில் பார்த்துவிட்டார். கலைமான்கள் அணிப் பிட்சர்களின் பெயர்கள். யாருக்கு எந்தப் பந்து படியும், யார் எப்போது பதறுவான் என்று பக்கம் பக்கமாகப் பொடி எழுத்து. ஆறு நாளில் எழுத முடிகிற அளவா அது! இந்த ஆறு நாளும் பையன் தூங்கவில்லை என்று அவருக்குப் புரிந்தது. எதற்காக என்பது மட்டும் புரியவில்லை.

தப்பித்தோம் மாப்பிள்ளை என்று ஆரம்பித்தார். அந்தப் பட்டியல் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்தார். இன்சொக் எதிரில் உட்கார்ந்து நோட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"அங்க கேட்சர் இல்ல மாமா. என்னை எடுத்துப்பாங்கன்னு நெனச்சேன்."

ஜொங்கில் ஓரத்தில் கிடந்த நோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்க இன்னும் நாலு வருஷத்துக்கு முதல் கேட்சர் இப்ப இருக்கறவருதான். எனக்கு முப்பத்தாறு ஆயிரும். நம்ம ஆளுங்க என்னைக் காவல் பட்டியல்ல போட்டாங்களா, இல்ல வெளிய விட்டும் வொன்ஜுக்காரன் வேணாம்னு தள்ளிட்டானா, அதுவும் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டாங்க. எப்படிப் பாத்தாலும் ஆடாம பெஞ்சுல உக்காந்திருக்க வேண்டியதுதான்."

வெளியே யாரோ படியேறிப் போனார்கள். ஹாரிம் இல்லை.

"ஊருல எல்லாரும் பாசத்துல என்னைப் பட்டியல்ல போட்டு வச்சாங்க" என்றான் இன்சொக். "நீங்க ஒருத்தர்தான் வெளிய விட்டீங்க. ஹாரிமுக்குக் கோவம். நான் அவகிட்ட சொன்னேன், ஒனக்குப் புரியல, பொண்ணும் பேத்தியும் தூரமாப் போனாலும் போவட்டும், இவன் ஒரு தடவ ஆடிப் பாக்கட்டும்னுதான் ஒங்கப்பா எழுதியிருக்காருன்னு. வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு, அப்படி எழுதிக் காட்டியிருக்காருன்னு." அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "அதுக்கு நன்றி சொல்லணும்னு நெனச்சுட்டே இருந்தேன் மாமா."

எழுந்து நின்று, இடுப்பை வளைத்து ஆழமாக வணங்கினான். அவன் அப்பாவுக்குக்கூட அப்படி வணங்கி அவர் பார்த்ததில்லை.

ஜொங்கிலுக்கு முட்டி வலித்தது. கோயிலில் இரண்டு நாள் என்ன வேண்டிக்கொண்டார் என்று அந்த முட்டிக்குத் தெரியும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். எதைச் சொல்வது? உன்னைவிடக் கை ஒடிந்த பொடியன் மேல் என்று நினைத்ததையா? பிறகு நீ இங்கேயே பெஞ்சில் கிட என்று விழுந்து விழுந்து கும்பிட்டதையா? பையன் இன்னும் குனிந்தபடியே இருந்தான்.

"ஆமா மாப்பிள்ளை" என்றார். "அதுக்குத்தான் எழுதுனேன்."

இன்சொக் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். அடுப்படிக்குப் போய் நண்டைத் தட்டில் எடுத்து வந்து, முட்டையிருந்த பெரிய துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளி வைத்தான்.