நானூற்றுப் பன்னிரண்டாம் வரி

ஆறு மணிக்கு சாகேத் எழுந்தான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினான். ஆறு பத்துக்குச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து ஒரு கைபேசி எண்ணைக் கொடுத்துத் தேடச் சொன்னான். இறந்துபோன அவன் மனைவி ஹைமவதி சமையலறைக்கு வந்து பெசரட்டு மாவைக் கல்லில் ஊற்றினாள். நாற்பத்தொரு வினாடி இருந்தாள். திருப்பிப்போடுவதற்குள் போய்விட்டாள். அவன் திருப்பிப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினான். அது இரண்டாம் ஆண்டு.

ஹைதராபாத்தில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் சேவையின் தரவுத்தளம் அவன் பொறுப்பில் இருந்தது. வருகிற ஒவ்வோர் அழைப்பும் அட்டவணையில் ஒரு வரி. அந்த அட்டவணை புதிதாகத் தொடங்கிய மூன்றாம் நாள் ஹைமாவுக்கு நெஞ்சு வலித்தது. அவள் கைபேசியிலிருந்துதான் அழைத்தான். நானூற்றுப் பன்னிரண்டாம் வரி. அட்டவணையில் எத்தனை வரிகள் என்று இயந்திரம் தானாக எண்ணுவதில்லை. ஞாயிறுதோறும் எண்ணவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய கணக்கையே நம்பும். சில நூறு வரிகள்தானே என்று, எந்த எண் எந்த வரியில் என்று காட்டும் இண்டெக்ஸைத் திறக்காமல், முதலிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் படிக்கும். முதல் ஞாயிறு ஹைமாவின் காரியங்களில் போயிற்று, சாகேத் மறந்துவிட்டான். பதினான்காம் நாள் எதற்கென்றில்லாமல் அவள் எண்ணைத் தேடினான். இயந்திரம் அவளைக் கண்டுபிடித்தது. அதே எண்ணிலிருந்து பிறகும் அழைப்பு வந்திருக்குமோ என்று மிச்ச வரிகளையும் படித்தது. படித்து முடியும்வரை அவள் அடுப்படியில் நின்றாள். முதல் நாள் ஒரு வினாடிகூட இல்லை. அதன்பின் எந்த ஞாயிறும் அவன் எண்ணவைக்கவில்லை.

நகரத்தில் நோயாளிகள் பெருகினார்கள், வரிகள் லட்சங்களாயின. மூன்றாம் ஆண்டு அவள் ஒன்றரை நிமிடம் இருந்தாள். நான்காம் ஆண்டு மூன்று நிமிடத்தைத் தாண்டியது. இரண்டு பெசரட்டுகள் முழுதாக வார்க்க முடிந்தது. அவள் பேசுவதில்லை. எதிர்வீட்டு ராஜ்யலட்சுமி அந்த நேரம் பார்த்துத் தயிருக்கு உறை கேட்டு வருவாள். "ஹைமா, போன மாசம் வாங்கின எவர்சில்வர் கிண்ணத்தைக் குடுத்துட்டுப் போம்மா. உம் புருஷனைக் கேட்டா திருதிருன்னு முழிக்கிறான்" என்பாள். ஹைமா எடுத்துக் கொடுப்பாள்.

அலுவலகத்தில் அழைப்பு மேசைக்குப் பொறுப்பாளர் பர்வீன். தேடல் முடிந்து பழைய முகவரி திரையில் வந்தால்தான் வண்டியை ஒதுக்க முடியும் என்பது அங்கே விதி. "உங்க மெஷின் தேடி முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு கல்யாணத்துக்குப் போய் பிரியாணி சாப்பிட்டு வந்துடலாம் சார்" என்று அவள் முதலில் கேலி செய்தாள். பிறகு கேலி நின்றது. ஒருநாள் மதியம் அவன் இருக்கைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நேத்து ஒருத்தர் கூப்பிட்டார் சார். சம்சாரத்துக்கு மூச்சு வாங்குதுன்னார். இங்க வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. 'தேடுறாங்கம்மா, இதோ தேடுறாங்க'ன்னு அந்தம்மாகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தார். மூணு நிமிஷம்."

"அப்புறம்?"

"அப்புறம் சொல்றதை நிறுத்திட்டார்."

சாகேத் எழுந்து தண்ணீர் குடித்தான். மறுநாள் காலை வரட்டும் என்று வைக்கவில்லை. அப்போதே எண்ணவைத்தான். பதினோரு நிமிடம் ஆயிற்று. இயந்திரம் தன் அட்டவணையின் உண்மையான நீளத்தை அறிந்தது, இண்டெக்ஸைத் திறந்தது. அன்று மாலை எந்தத் தேடலும் ஒரு வினாடியைத் தொடவில்லை. பர்வீனின் மேசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மேலாளர் சமோசா வரவழைத்தார். சாகேத்தும் ஒன்று தின்றான்.

மறுநாள் ஆறு பத்துக்கு ஹைமாவின் எண்ணைக் கொடுத்தான். இயந்திரம் நேராக நானூற்றுப் பன்னிரண்டாம் வரிக்குப் போய்த் திரும்பிவிட்டது. கல்லில் ஒரு கரண்டி மாவு மட்டும் வட்டமாகாமல் கிடந்தது. அதன்பின் தினமும் அப்படியே. அவன் அதைத் தேய்த்து, வார்த்து, தின்றான். ராஜ்யலட்சுமி இரண்டு நாள் கதவருகே நின்று பார்த்துவிட்டு, உறையை மேல்மாடியில் வாங்கிக்கொள்ள ஆரம்பித்தாள்.

ஹைமா கடைசியாக வெங்கடேசா என்றாள் என்று அவள் அம்மா எல்லோரிடமும் சொல்லிவருகிறார். சாகேத்தின் பெயரைச் சொன்னாள் என்பது அவள் அண்ணியின் கட்சி. இருவரும் அன்று ஆம்புலன்ஸில் இல்லை. வண்டி நிசாம்பேட்டையைத் தாண்டியதும், ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி, ஓட்டுநரிடம் அவள் சொன்னது இதுதான்:

"அண்ணா, கொஞ்சம் மெதுவாப் போங்க. வேகமாப் போனா இவருக்கு வாந்தி வரும்."