தேவாங்குக்குப் பல்வலி

விடுமுறைக்குக் கிளம்பும் முன்பே பல் டாக்டரிடம் அவள் கணவன் ஒரு நிபந்தனை போட்டுவிட்டான். ஊர் திரும்பும் வரை யாருடைய பல்லைப் பற்றியும் அவள் வாயைத் திறக்கக் கூடாது. அவன் அப்படிச் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கல்யாண வீட்டில் யாராவது சிரித்தால் அவள் முதலில் பார்ப்பது ஈறைத்தான். முகம் அப்புறம்தான். போன தடவை பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு முன்பின் தெரியாத மனிதரிடம், "உங்க கடைவாய்ப் பல்லைச் சீக்கிரம் எடுத்துடுங்க," என்று சொல்லப்போய், அவர் எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டார்.

கணவன் ரயில் ஓட்டுகிறவன். விடுமுறை என்றால் அவனுக்குத் தூக்கம், அதைவிட்டால் கடல். அவர்களோடு வந்த அவன் தங்கை வேறு ரகம். அழகு நிலையம் வைத்திருக்கிறாள். போகிற இடத்தில் படம் எடுக்கவில்லை என்றால் அங்கே போனதாகவே அவளுக்குக் கணக்கில்லை. வந்து இறங்கிய அன்றே தங்கும் வீட்டின் படிக்கட்டு, பால்கனி, கீழே இருந்த சலவைக்கடையின் பூந்தொட்டி எல்லாவற்றோடும் படம் எடுத்து முடித்திருந்தாள்.

கடற்கரையை ஒட்டிய தெருவில் அவளுக்குப் பெரிய வேட்டையே காத்திருந்தது. காசு கொடுத்தால் தோளில் கிளியை ஏற்றினார்கள். கழுத்தில் மலைப்பாம்பைப் போட்டார்கள். கண்ணாடி போட்ட குரங்கு ஒன்று கன்னத்தில் முத்தம் கொடுத்தது.

"அண்ணி, நீங்க இந்தப் பாம்போட வாலை மட்டும் பிடிச்சுக்கங்க. பாரமா இருக்கு."

"நான் தலையைப் பிடிக்கிறேன். வாயைப் பார்க்கலாம்," என்றாள் டாக்டர். கணவன் திரும்பிப் பார்த்ததும் வாலைப் பிடித்துக்கொண்டாள்.

தெருக்கோடியில் பூப்போட்ட சட்டைக்காரர் ஒருவர் கழுத்தில் கேமராவோடு, தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவர் முழங்கையின் மடிப்பில் ஒரு தேவாங்கு கண்ணை இடுக்கிக்கொண்டு கிடந்தது. கழுத்தில் மஞ்சள் ரிப்பன்.

"அண்ணா, சின்ன வயசுல உன்னைத்தானே அப்பா தேவாங்குன்னு கூப்பிடுவார். இது என்ன இப்படிக் கொழுகொழுன்னு இருக்கு?"

"அது வேற வகை. என்னை மாதிரி உழைச்சுச் சாப்பிடற வகை இல்லை," என்றான் கணவன்.

படக்காரர் அதிகம் பேசவில்லை. ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. அங்கே கையை வைத்துக்கொண்டே வேலை பார்த்தார். ஆனால் வேலை சுத்தம். நாத்தனாரைச் சுவரோரம் நகர்த்தி நிற்கவைத்தார். மோவாயைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். வெயில் கண்ணில் படாதபடி அவளைத் திருப்பினார். தேவாங்கை அவள் தோளில் வைத்து அதன் அக்குளில் விரலால் வருடியதும், அது இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியது. தெருவில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அந்த நொடியில் படம் எடுத்துவிட்டார்.

அப்போதுதான் அது கொட்டாவி விட்டது.

டாக்டர் கிட்டத்தில் நின்றிருந்தாள். கீழ்த்தாடையில் முன்வரிசையே இல்லை. தானாக விழுந்த பல்லின் இடம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அது இல்லை. ஈறோடு ஒட்டி நறுக்கி எடுத்திருந்தார்கள். வேர்கள் உள்ளேயே நின்றுவிட்டன. ஒரு பக்கம் ஈறு புடைத்து, அதன் முனையில் வெள்ளையாகச் சீழ் தெரிந்தது.

"வேணாம்மா," என்றான் கணவன் மெதுவாக.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லப்போற. உன் மூஞ்சியே சொல்லுது."

அவளால் முடியவில்லை. "இதோட முன்பல்லெல்லாம் எங்கே?" என்று படக்காரரிடம் கேட்டாள்.

"வயசாயிடுச்சும்மா. விழுந்துடுச்சு."

"விழலை. யாரோ வெட்டியிருக்காங்க. உள்ளே சீழ் வெச்சிருக்கு."

"படம் எடுத்தாச்சு இல்ல? நகருங்க, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க," என்று சொன்னவர் பாதியிலேயே முகத்தைச் சுளித்துக் கன்னத்தை அழுத்திக்கொண்டார். அடுத்த ஆள் முன்னால் வந்தார். தேவாங்கு மறுபடி கையைத் தூக்கியது.

மத்தியானம் தங்கிய வீட்டில் டாக்டர் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் படத்தைப் போனில் எல்லாருக்கும் போட்டுவிட்டு, வருகிற பாராட்டுகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். "இங்க பாருங்க, என் கஸ்டமர் ஒருத்தி கேட்கிறா, பொம்மை சூப்பரா இருக்கு, எங்கே வாங்கினேன்னு." சிரிக்க ஆரம்பித்தவள் அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"என்ன அண்ணி? நாய்க்குட்டியைத் தூக்கற மாதிரிதானே அதுவும்?"

"என் கிளினிக்குக்குச் சீழ் வெச்ச பல்லோட ஒருத்தர் வந்தா, சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ளே வருவார். நாம அவருக்குக் கிச்சுகிச்சு மூட்டி, பக்கத்துல நின்னு படம் எடுத்துட்டு வந்திருக்கோம்னு வெச்சுக்க."

நாத்தனார் போனைக் கையில் எடுத்து, படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு வருத்தமாகச் சொன்னாள். "எனக்கு இதைவிட அழகா ஒரு படம் அமைஞ்சதே இல்லை."

வெயில் இறங்கியதும் டாக்டர் செருப்பை மாட்டினாள். எங்கே என்று கணவன் கேட்கவில்லை. அவனும் சட்டையை மாட்டிக்கொண்டான். "என்னை விட்டுட்டுப் போறீங்களா?" என்று நாத்தனாரும் இறங்கி வந்தாள்.

படக்காரரின் அறையைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. கடற்கரைக்குப் பின்சந்தில், காற்றடித்த மிதவைகளை வாடகைக்கு விடும் கடையின் பின்னால் இருந்தது. படம் அச்சடிக்கும் மெஷின், ஒரு நாற்காலி, சுவரில் மாட்டிய, பலூன் படம் போட்ட திரை, இவ்வளவுதான். படக்காரர் பெஞ்சில் ஈரத்துணியைக் கன்னத்தில் வைத்துப் படுத்திருந்தார். காலடியில், துண்டு போர்த்திய கூடை ஒன்று இருந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்குக் கடை மூடியாச்சு."

"வாயைத் திறங்க," என்றாள் டாக்டர்.

அந்தக் குரலைக் கேட்டு வாயைத் திறக்காதவர்கள் அவள் அனுபவத்தில் கிடையாது. இவரும் திறந்துவிட்டார். கணவன் போன் வெளிச்சத்தைப் பிடித்தான். நாத்தனார் மூலையில் கிடந்த ஸ்பூனைக் கழுவிக் கொடுத்தாள். அதன் காம்பால் டாக்டர் ஒரே ஒரு பல்லைத் தொட்டாள். படக்காரரின் இரண்டு காலும் தரையைவிட்டு மேலே எழும்பின.

"கடைவாய்ப் பல்லுக்கு அடியில சீழ் கட்டியிருக்கு. ஏன் யார்கிட்டயும் காட்டலை?"

"பயம்தான்," என்றார் அவர். மழுப்பாமல் சொன்னது டாக்டருக்குப் பிடித்திருந்தது.

"அதுக்கும் இதே வலிதான்," என்று கூடையைக் காட்டினாள்.

"அது ஒரு நாளும் கத்தினதில்லையேம்மா. சின்னதா ஒரு சத்தம்கூடப் போட்டதில்லை."

"காலைல எங்களைப் படம் எடுத்தப்போ நீங்க கத்தினீங்களா?"

அவர் குனிந்து துண்டை விலக்கினார். கூடைக்குள் தேவாங்கு உருண்டையாகச் சுருண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பழத்துண்டுகள் தொடாமல் கிடந்தன.

"நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு. கடிச்சா விஷம், அதான் வெட்டிட்டோம்னு வித்தவன் சொன்னான். பழத்தை வாயில வெச்சா துப்பும். அடம் பிடிக்குதுன்னு நினைச்சேன். மசிச்சுக் கொடுத்தா நக்கும்." கன்னத்தைத் தடவிக்கொண்டார். "நானும் இப்போ ரெண்டு வாரமா மசிச்சுத்தான் சாப்பிடறேன்."

இப்போது பேசியது கணவன். "ஊருக்கு வெளியே விலங்குக் காப்பகம் இருக்குன்னு வரும்போது போர்டு பார்த்தேன். அவங்களா வந்து பிடிச்சா கதை வேற. நீங்களா கொண்டுபோய்க் கொடுத்தா திட்டோட போயிடும். நானும் கூட வர்றேன்."

"அப்புறம் என் பொழப்பு?"

"இங்க பாருங்க," என்று நாத்தனார் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாராட்டினவங்கள்ல ஒருத்தர்கூட இந்தத் தேவாங்கைப் பத்திப் பேசலை. ஒருத்தி பேசினா, அவளும் பொம்மைன்னு நினைச்சுட்டா. எல்லாரும் கேட்கிறது யார் எடுத்த படம்னுதான். மூஞ்சியை எப்படித் திருப்பினா அழகுன்னு உங்களுக்குத் தெரியுது. என் பார்லர்ல வேலை செய்யற பொண்ணுங்களுக்கே அது தெரியாது."

"யோசிக்கணும்," என்றார் படக்காரர்.

அதற்கு மேல் அவரை நெருக்க முடியவில்லை. டாக்டர் வலிக்கு ஒரு மாத்திரையின் பேரையும், சலவைக்கடைக்கு மேலே தாங்கள் தங்கியிருப்பதையும் சொல்லிவிட்டு வந்தாள். விடிவதற்குள் அவர் கூடையோடு வேறு ஊருக்குப் போய்விடுவார் என்றே அவள் நினைத்தாள்.

காலையில் கணவன் பால் வாங்க இறங்கினான். சலவைக்கடை வாசலில் படக்காரர் உட்கார்ந்திருந்தார். கன்னம் இன்னும் பெரிதாகியிருந்தது. மடியில் கூடை.

"யாருக்கு முதல்ல?" என்றாள் டாக்டர், படியிறங்கி வந்து.

"அதுக்கு," என்றார் அவர்.

காப்பகத்தில் ரப்பர் பூட்ஸ் போட்ட கால்நடை டாக்டரம்மா ஒருவர் இருந்தார். படக்காரரை நிற்கவைத்து நல்லபடியாகத் திட்டினார். அவரும் கூடையைப் பிடித்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். தானாகக் கொண்டுவந்ததால் எச்சரிக்கையோடு விட்டார்கள். இன்னொரு விலங்கோடு கண்ணில் பட்டால் ஜெயில்தான் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

"அந்தக் கையைத் தூக்கறது எதுக்கு டாக்டர்?" என்று நாத்தனார் பூட்ஸ் டாக்டரம்மாவிடம் கேட்டாள். "கொஞ்சினா சந்தோஷத்துல தூக்குதுன்னு நினைச்சேன்."

"பயந்தா தூக்கும். முழங்கை மடிப்புல விஷம் சுரக்கும். அதை நக்கிட்டுக் கடிக்கத் தயாராகுதுன்னு அர்த்தம். இதுக்குத்தான் கடிக்கப் பல்லே இல்லையே."

நாத்தனார் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். போனில் ஏதோ செய்தாள். "அந்தப் படத்தை அழிச்சுட்டேன்," என்றாள், யாரையும் பார்க்காமல்.

பல் டாக்டர் என்று தெரிந்ததும் பூட்ஸ் டாக்டரம்மாவின் குரல் மாறியது. "மாட்டுப் பல்லு, நாய்ப் பல்லு எல்லாம் எடுத்திருக்கேன். இவ்வளவு பொடி வேரை எடுத்ததில்லை. பக்கத்துல நிக்கறீங்களா?"

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்த பிறகு அது இன்னும் சிறியதாகத் தெரிந்தது. வாயோ அவள் கட்டைவிரல் நுழையாத வாய். பூனைகளுக்கான கருவிகளே அதற்குப் பெரிதாக இருந்தன. எத்தனையோ பேரின் பல்லைப் பேசிக்கொண்டே பிடுங்கியவளுக்கு இப்போது மூச்சு விடவே தயக்கமாக இருந்தது. சீழ் வடிந்ததும் ஈறு அடங்கியது. கடுகு முளை போன்ற வேர்களை ஒவ்வொன்றாக இரண்டு பேரும் எடுத்து வைத்தார்கள். கடைசி வேர் உடையாமல் வந்தபோது, பூட்ஸ் டாக்டரம்மா அவள் தோளில் தன் தோளால் இடித்தார். டாக்டர் பதிலுக்கு இடித்தாள்.

வெளியே வந்தபோது படக்காரர் எழுந்து நின்றார்.

"பிழைச்சுக்கும்," என்றாள் டாக்டர். "ஆனா பல்லில்லாம காட்டுக்குப் போக முடியாது. இங்கேயேதான் இருக்கும். இருட்டா, மரம் வெச்ச கூண்டு. யாரும் தொட மாட்டாங்க."

அவர் தலையாட்டினார். ரிப்பனை மட்டும் கையில் கொடுத்திருந்தார்கள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு குப்பைக்கூடையைத் தேடிப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

அன்றைக்கே அவரை ஊரிலிருந்த ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார்கள். நாற்காலியில் சாய்ந்ததும் ரயில் ஓட்டுநரின் கையைப் பிடித்தவர், பல் வெளியே வந்த பிறகுதான் விட்டார். கணவன் விரல்களை உதறிக்கொண்டே, "பிரேக் பிடிக்கறப்போகூட எனக்குக் கை இப்படி மரத்ததில்லை," என்றான்.

கடைசி நாள் சாயங்காலம் அவர்கள் கடற்கரைக்குப் போனார்கள். படக்காரர் கேமராவோடு பழைய இடத்திலேயே நின்றிருந்தார். கன்னத்து வீக்கம் வற்றியிருந்தது. வருகிறவர்கள், "என்ன மிருகம் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றதும் குரங்கைத் தேடிப் போனார்கள்.

நாத்தனார் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து சீப்பு, கொண்டை ஊசி, பொட்டலம் பொட்டலமாக ஏதேதோ எடுத்துக்கொண்டு அங்கே போனாள். அந்த வழியாக வந்த ஒரு நடுவயது அம்மாவை மடக்கி, "அக்கா, ஒரு நிமிஷம் உட்காருங்க, முடியைக் காத்து கலைச்சிடுச்சு," என்று ஸ்டூலில் உட்காரவைத்தாள். முடியைச் சீவிக் கொண்டை போட்டாள். படக்காரர் மோவாயை இறக்கச் சொன்னார். படத்தைப் பார்த்ததும் அந்த அம்மா தூரத்தில் நின்ற தன் கணவரைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவருக்குப் பின்னால் அவள் தங்கை வந்தாள். தங்கையின் மாமியாரும் வந்தார்.

டாக்டர் காலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவன் மணலில் மல்லாந்து படுத்திருந்தான்.

"கிளம்பலாமா? வண்டிக்கு நேரமாகுது," என்றான் கண்ணைத் திறக்காமல்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் வாயில் ஊசியைக் கவ்வியபடி ஒருவர் தலையில் மும்முரமாக இருந்தாள். பின்னால் வரிசை வளைந்து நின்றிருந்தது.

"அடுத்த வண்டியில போகலாம்," என்றாள் டாக்டர்.