துளிச் சங்கிலியில் ஒரு படம்

நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் சந்தேகம். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பான். தெருமுனை வரை போனவன், அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவான். கடையில் கொடுத்த பில்லைக் கூட்டிப் பார்க்காமல் படியிறங்க மாட்டான். இப்படிப்பட்டவன் காதில், யாரையும் நம்பத் தேவையில்லாத பணம் ஒன்று வந்திருக்கிறது என்று விழுந்தால் கேட்க வேண்டுமா? தலைகால் புரியவில்லை அவனுக்கு.

பகலில் ஒரு மருந்து நிறுவனத்துக்குக் கணினி நிரல் எழுதிக்கொடுத்துவிட்டு, மீதி நேரத்தில் சொந்தமாக ஒரு கிரிப்டோ நாணயத்தையே உண்டாக்கினான். அதற்குத் துளி என்று பெயர் வைத்தான். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று கொஞ்சம் பேர் தங்களுக்குள் அதைக் கொடுத்து வாங்கினார்கள். யார் யாருக்கு அனுப்பினாலும் அது ஒரு பக்கத்தில் பதிவாகும். ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் முத்திரை இருக்கும். நடுவில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினால் பின்னால் வரும் முத்திரைகள் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சங்கிலியின் முழுப் பிரதியை அவனையும் சேர்த்து ஏழு பேர் வெவ்வேறு ஊர்களில் வைத்திருந்தார்கள். பிரதிக்காரர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்வதில் அவர்களுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அவன் வீட்டுக் கணினி மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். அதை அணைக்கக் கூடாது. மின்சாரம் போனால் அதன் பேட்டரி கீச்சிடத் தொடங்கும்; மற்றவர்கள் மெழுகுவர்த்தி தேடுவார்கள், அவன் கணினியைத் தேடி ஓடுவான். "உங்க மூத்த பிள்ளை முழிச்சிக்கிச்சு, போய்ப் பாருங்க" என்பாள் மனைவி.

நாணயத்தை உண்டாக்கும்போது அவன் ஒரே ஓர் இடத்தில் பெரிய மனசு பண்ணிவிட்டான். பணத்தோடு ஒரு குறிப்பும் அனுப்பலாம் என்று வைத்து, அந்தக் குறிப்புக்கு அளவு வைக்காமல் விட்டான். பிறந்த நாளுக்குப் பணம் அனுப்புகிறவர் கூடவே ஒரு படமும் அனுப்பிவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தான். உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவனுக்கு, அந்தக் குறிப்பில் என்னென்ன வந்து விழும் என்ற சந்தேகம் மட்டும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை வந்தாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. விவாகரத்து ஆகி அதிக நாள் ஆகவில்லை. வந்தவள் உட்காராமல் கைப்பையைப் பிடித்தபடி நின்றாள்.

"அண்ணா, அவன் என் படத்தை உன்னோட துளியில போட்டிருக்கான்."

அவன் என்றால் முன்னாள் மாப்பிள்ளை. அந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துளியைச் சொல்லிக்கொடுத்ததே இவன்தான்.

"எந்தப் படம்?"

"நான் தூங்கும்போது எடுத்திருக்கான். எடுத்ததே எனக்குத் தெரியாது." சொல்லும்போது அவள் சுவரைப் பார்த்தாள். "நேத்து மெசேஜ் அனுப்பினான். உங்க அண்ணன் வீட்டுலயே பத்திரமா இருக்கு, அவராலயே அழிக்க முடியாதுன்னு."

தங்கை தன் போனை நீட்டினாள். அதில் ஒரு பக்க எண் இருந்தது.

"நீ பாக்காத அண்ணா. பாக்காம எடுத்துடு."

"சரிம்மா."

அவள் சமையலறைக்குப் போனாள். அங்கே அண்ணியைக் கண்டதும் இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே அவன் கணினி முன் உட்கார்ந்து எண்ணை அடித்தான். அந்த வீணாய்ப்போனவன் சும்மா மிரட்டியிருக்கலாம். எண் தப்பாக இருக்கலாம். வேறு யாருடைய படமாகவோ இருக்கலாம். தெரியாமல் ஒரு காரியத்தில் இறங்க முடியுமா? இப்படித் தனக்குத்தானே ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டு திறந்தான். திறந்த வேகத்தில் மூடினான். அவள்தான். குழாயடிக்குப் போய் முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினான். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் இருவரும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். பெண் இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அந்த ஆளை நாங்க பாத்துக்கறோம். இப்ப அந்தப் படம் எங்க இருக்கு?"

"என் வீட்டுல மேடம். இன்னும் ஆறு பேர் வீட்டுல."

"அழிச்சிடுங்க."

"அழிக்க முடியாது. அழிக்க முடியாத மாதிரிதான் செஞ்சிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த மாதிரிப் படத்தை வெச்சிருக்கிறதே குத்தம் சார். போட்டது அவரு, வெச்சிருக்கிறது நீங்க. இதைப் பெருமையா வேற சொல்றீங்க."

அவன் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் இத்தனை காலம் அதே வாக்கியத்தைப் பெருமையாகவே சொல்லிப் பழகிய வாய் அது, குரல் அப்படி வந்துவிட்டது.

வழி இல்லாமல் இல்லை. குறிப்பை எடுத்துவிட்டு அதன் முத்திரையை மட்டும் விட்டு வைத்தால் சங்கிலி அறாது. அதற்குப் பிரதிக்காரர்களில் பாதிக்கு மேல் சம்மதிக்க வேண்டும். சம்மதித்துவிட்டால் பழையதை விடாமல் வைத்திருப்பவரின் பிரதி செல்லாமல் போகும். ஆனால் சம்மதிக்கும் முன், எடுக்கப்படுவது என்ன என்று ஒவ்வொருவரும் தானே திறந்து பார்த்திருக்க வேண்டும். யார் சொல்லையும் யாரும் நம்பக் கூடாது என்று இந்த விதியை எழுதியதும் அவன்தான். அவளை மறைக்க வேண்டுமென்றால் முதலில் அவளைக் காட்டியாக வேண்டும்.

அன்று மாலை வீடியோவில் கூடினார்கள். கணக்கு வாத்தியார் ஒருவர், மாட்டு டாக்டரம்மா ஒருவர், இன்னும் நால்வர். பக்க எண்ணைச் சொல்லாமல், யார் என்றும் சொல்லாமல் அவன் பேசிப் பார்த்தான்.

"நீங்க சொல்றீங்க, சரி" என்றார் வாத்தியார். "நாளைக்கு இன்னொருத்தர் வந்து, எனக்குப் பிடிக்காதது ஒண்ணு இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு எடுங்கன்னு சொன்னா? அப்புறம் இந்தச் சங்கிலிக்கு என்ன மரியாதை?"

"எனக்கு அதைப் பாக்க வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "ஆனா பாக்காம கை வெக்கவும் பயமா இருக்கு."

கெட்டவர்கள் யாருமில்லை. அவன் ஊட்டி வளர்த்த சொற்களைத்தான் அவர்கள் அவனிடமே திருப்பிச் சொன்னார்கள். எரிச்சலும் வெட்கமுமாக எழுந்துபோய், தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னான். எல்லாவற்றையும் என்றால், ஒன்றைத் தவிர.

அந்த ஆறு பேரும் யார் யார் என்று அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நானே அவங்ககிட்ட பேசறேன்" என்றாள்.

அடுத்த கூட்டத்துக்கு வேலையிலிருந்து நேராக வந்தாள். கடையின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலியை இழுத்து அண்ணனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்தாள்.

"அந்தப் படத்துல இருக்கிறது நான்தான். இவரோட தங்கச்சி."

திரையின் ஆறு சதுரங்களிலும் தலைகள் நிமிர்ந்தன.

"நம்பரை அண்ணன் இப்ப சொல்லுவாங்க. சொல்லாம எடுக்க முடியாதாம். அதுக்கப்புறம் நீங்க திறந்து பாத்தாலும் எனக்குத் தெரியாது, பாக்காம இருந்தாலும் தெரியாது. பாக்கலைன்னு நீங்க சொன்னா நான் நம்பித்தான் ஆகணும், எனக்கு வேற வழி கிடையாது. அதே மாதிரி நீங்களும் என்னை ஒரு தடவை நம்புங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் பார்க்காமலே எடுப்பதாகச் சொன்னார். வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, உங்களைச் சந்தேகப்படலை. ஒரே ஒரு கேள்வி, அண்ணனுக்குத்தான். நீங்க பாத்தீங்களா? இல்ல, தங்கச்சி சொன்னதை நம்பித்தான் எங்களைக் கேக்கறீங்களா? நீங்களே பாக்காம நம்பியிருந்தா, நானும் நம்பறேன்."

"அண்ணன் பாக்கலை" என்றாள் தங்கை. அவன் பக்கம் ஒரு பார்வைகூடத் திருப்பாமல் சொன்னாள். "பாக்க வேண்டாம்னு சொன்னேன், பாக்கலை."

வாத்தியாரின் முகம் இளகியது. இனி அவன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலே போதும். படம் போய்விடும், தங்கையும் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. ஆனால் அந்த ஆறு பேரும் முதன்முதலாக ஒரு மனிதரின் சொல்லை மட்டும் நம்பிக் காலை எடுத்து வைக்கிறார்கள், அந்தச் சொல்லோ பொய். அது அவள் சொன்ன பொய்கூட இல்லை. அவள் நம்பியதைத்தான் சொன்னாள்.

"பாத்தேன்" என்றான்.

தங்கை திரும்பினாள்.

"நீ உள்ள அழுதுக்கிட்டு இருந்தப்ப. அவன் பொய் சொல்றானோன்னு..."

அவள் முகத்தில் கோபத்தைத் தேடினான். கோபம் இருந்தால் காலில் விழுந்தாவது ஆற்றியிருக்கலாம். அவள் அவனை அடையாளம் தெரியாதவள் போலப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரையின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்கல்ல? ஒருத்தர் திறந்து பாத்தாச்சு. நான் சொன்னது நிஜம்தான். இனிமே வேற யாராவது பாக்கணுமா?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "வேண்டாம்மா. யாரும் பாக்க வேண்டாம்."

ஒருவர் மட்டும் யோசிக்க வேண்டும் என்றார். மற்ற எல்லோரும் சம்மதித்தார்கள். அது தாராளமாகப் போதும். அவன் எண்ணைச் சொன்னான், புதிய நிரலை அனுப்பினான். சம்மதித்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கணினியில் அதை ஓட்டிவிட்டு விடைபெற்றுக்கொண்டார்கள். கடைசிச் சதுரமும் இருண்டது.

"போயிடுச்சும்மா" என்றான்.

"காட்டு."

அவன் எண்ணை அடித்தான். குறிப்பு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே முத்திரையின் எழுத்துகள் மட்டும் ஒரு வரி நின்றன. அவள் தன் போனில் இருந்த எண்ணைத் திரையில் இருந்ததோடு ஒவ்வோர் இலக்கமாக விரலை வைத்து ஒப்பிட்டாள்.

"மூடிட்டு இன்னொரு தடவை திற."

திறந்தான். அவள் மறுபடியும் விரலை முதல் இலக்கத்திலிருந்து நகர்த்தினாள். அண்ணி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இருவர் முகத்தையும் பார்த்து ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள்.

"மத்தவங்க வீட்டுலயும் போயிடுச்சா?"

"போயிடுச்சு. அஞ்சு பேரும் ஓட்டிட்டாங்க. யோசிக்கணும்னவரோட பிரதி இனிமே செல்லாது. இங்கேயே தெரியுது பாரு."

அவன் காட்டிய இடத்தை அவள் பார்க்கவில்லை. எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"டாக்டரம்மா போன் நம்பர் குடு."

"நான் கேட்டுச் சொல்றேனேம்மா."

"வேண்டாம். நானே கேட்டுக்கறேன்."

அவன் எண்ணைச் சொல்லச் சொல்ல அவள் போனில் பதிந்துகொண்டாள். வாசலில் நின்று செருப்பை மாட்டும்போதே அழைக்கத் தொடங்கிவிட்டாள்.