இரண்டாவது டிகாஷன்

என் மனைவி தையல்நாயகி செவ்வாய்க்கிழமையிலிருந்து நீர்த்துவருகிறாள். முதலில் விரல் நுனிகள் நிறம் விட்டன. புதன்கிழமை அவள் அடுப்பின் முன்னால் நின்றபோது அவள் வழியாகவே தீயின் நீலம் தெரிந்தது. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

டாக்டர் வீட்டுக்கே வந்தார். நாடி பார்த்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்த இடத்தில் அவருடைய விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

“காபி குடிப்பாங்களா?”

“குடிப்பா.”

“எத்தனையாவது டிகாஷன்?”

எனக்குத் தெரியவில்லை. அவளைப் பார்த்தேன்.

“ரெண்டாவதுங்க,” என்றாள். “யாராவது வந்துட்டா மூணாவது.”

“எத்தனை வருஷமா?”

“கல்யாணத்துக்கு மறுநாள்லேருந்து.”

பில்டரில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினால் முதலில் இறங்குவது கெட்டியான டிகாஷன். அது எனக்கும் வந்தவர்களுக்கும். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் நிறம் மட்டும் கொஞ்சம் இறங்கும். அதை அவள் குடித்திருக்கிறாள். முப்பத்தெட்டு வருடம். நான் தினமும் திருநீறு பூசிக்கொண்டு, எல்லா உயிரும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, பிறகு காபி குடிக்கிறவன்.

“வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறதுக்குள்ள முதல் டிகாஷன்ல ஒரு டம்ளர் உள்ளே போகணும்,” என்றார் டாக்டர். “போகலைன்னா முழுக்கத் தண்ணியாயிடுவாங்க.”

“அப்புறம்?”

“தண்ணி எங்கே போகுமோ அங்கே போகும்.”

போகுமுன் அவர் காபி குடித்தார். முதல் டிகாஷன். தையல்நாயகிதான் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தவர் அல்லவா.

வியாழக்கிழமை காலை நானே காபி போட்டேன். சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்னாள். தூளை அழுத்தக் கூடாது. தட்டை அதன்மேல் சும்மா வைத்தால் போதும். தண்ணீர் நன்றாகக் கொதிக்க வேண்டும். ஊற்றிய பிறகு பில்டரை அசைக்கக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது.

காதை வைத்துக் கேட்டேன். சொட்டுச் சொட்டாக இறங்கியது.

“இது உனக்கு,” என்றேன்.

சொட்டு நின்றது.

“எனக்கு,” என்றேன். மறுபடி சொட்டியது.

ஏமாற்றிப் பார்த்தேன். எனக்கு என்று சொல்லி இறக்கி, பால் கலந்து, அவள் கையில் கொடுத்தேன். அவள் உதட்டுக்கு மேலே தூக்கியதும் டம்ளரில் பச்சைத் தண்ணீர் இருந்தது.

“யார் பேருக்குன்னு அதுக்குத் தெரியுங்க,” என்றாள். “அட்டையில எழுதியிருக்குல்ல.”

வீட்டின் காபி ஒதுக்கீட்டு அட்டை தூள் டப்பாவுக்கு அடியில் இருந்தது. குடும்பத் தலைவர்: முதல். மனைவி: இரண்டாவது. திருத்தம் வேண்டுமானால் ஒதுக்கீட்டு அலுவலகத்தை அணுகவும். நான் வேலை பார்ப்பது அந்த அலுவலகத்தில்தான்.

வெள்ளிக்கிழமை போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஞானப்பிரகாசம் இருந்தார். இருபது வருடமாக என் பக்கத்து மேஜைக்காரர்.

“என்ன வேணும் சார்?”

“ஞானம், நான்தான்யா.”

“வெளிப்பக்கம் நிக்கிறவங்க யாரையும் எனக்குப் பழக்கமில்லை. அட்டையைக் கொடுங்க.”

கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இந்தக் கட்டத்தை யார் நிரப்பினது?”

எழுத்து என்னுடையது. எழுதிய ஞாபகம் இல்லை.

“நான்தான் போலிருக்கு.”

“போலிருக்குன்னு கட்டம் கிடையாது.”

“நான்தான்.”

அதை எழுதிக்கொண்டார். “திருத்தணும்னா அவங்க கையெழுத்துப் போடணும்.”

“பேனா நிக்கலை. விரல் வழியா விழுந்துடுது.”

“விழுந்த பேனாவுக்குத் தனிப் படிவம். திங்கட்கிழமை வரும்.”

“இன்னைக்கு விளக்கு வைக்கிறதுக்குள்ள வேணும் ஞானம்.”

அவர் தன் விரல்களில் நாட்களை எண்ணினார். “வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமைக்கு முன்னாடியே வந்துடுதே,” என்றார். “பாவம்.” ஜன்னலைச் சாத்தினார்.

தாழ்வாரத்தின் கோடியில் இருந்த பேன்ட்ரிக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே எங்கள் எல்லோருக்கும் காபி போடுகிறவர் சகாயமேரி. அவருடைய கையைத்தான் நான் பார்த்திருக்கிறேன். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுப் போகும் கை. இன்று முழுவதாகப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் அலமாரி இருந்தது. அதிலிருந்த டப்பாக்களின் பெயர்களை அவர் வழியாகவே படிக்க முடிந்தது.

“நீங்க எத்தனையாவது குடிக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“மிஞ்சினதை சார்.”

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னைக்கு எனக்குப் பொறந்த நாள் சார். முதல் தடவையா எனக்குன்னு ஒண்ணு எறக்கி வெச்சேன். என் பேருல எறங்கினது. நானா மனசோட குடுத்தா யாரும் குடிக்கலாம். எடுத்துட்டுப் போங்க.”

“உங்களுக்கு?”

“பொறந்த நாளை நாளைக்கு வெச்சுக்கிட்டா போச்சு. யார் கேக்கப் போறாங்க.”

“முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க. நான் பார்க்கணும்.”

“என்ன சார், பால் கூட ஊத்தாமலா,” என்று சிரித்தார். ஆனாலும் குடித்தார். அவருடைய ஒரு மணிக்கட்டுக்கு நிறம் வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மீதியை என் பிளாஸ்கில் ஊற்றி மூடியைத் திருகினார்.

வீட்டுக்கு வந்தபோது மணி நான்கு. கூடம் நீண்டிருந்தது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ரயில் விட்டிருந்தார்கள். ஊஞ்சல் இருந்த இடத்தில் நடைமேடை.

எதிர்வீட்டுக் கதிரேசன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க அந்தப் பக்கம் போறதே இல்லைன்னு மத்தியானம் தண்டவாளம் போட்டுட்டுப் போனாங்க,” என்றார். “நான் சொல்லிப் பார்த்தேன். நேத்து ஒரு தடவை போனாருன்னு. ஒரு தடவை எல்லாம் கணக்கில்லைன்னுட்டாங்க.”

ரயிலில் ஒரே பெட்டி. பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் முழுவதாகத் தெரியவில்லை. ஒருத்தர் வழியாக அடுத்தவர் தெரிந்தார். அவர் வழியாக ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே என் வீட்டுச் சுவர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

எதிரில் இருந்த அம்மாள் பிளாஸ்கைப் பார்த்தார். “முதலா?”

“ஆமாம்மா.”

பெட்டி முழுவதும் திரும்பியது.

“எல்லாருக்கும் ஒரு வாய் தரேன்,” என்றேன். இருந்தது ஒரு டம்ளர்தான்.

“யாருக்குக் கொண்டு போறீங்க?”

“என் மனைவிக்கு.”

“இன்னும் தெரியறாங்களா?”

“காலையில தெரிஞ்சா.”

“அப்ப எங்களுக்கு வேண்டாம். வாசனை மட்டும் காட்டுங்க.”

மூடியைத் திறந்தேன். பிளாஸ்க் கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொருவரும் முகர்ந்தபோது ஒரு முகம் வந்தது. மூக்குத்தி, நெற்றித் தழும்பு, பொட்டு. அடுத்த கைக்குக் கொடுத்ததும் முகம் போனது. யாரும் குடிக்கவில்லை. பெட்டியின் கோடி வரை போய்த் திரும்பி வந்தது. கனம் குறையவில்லை.

“மூடுங்க, ஆறிடும்,” என்று யாரோ அதட்டினார்.

“தூங்கிடாதீங்க,” என்றார் எதிரில் இருந்த அம்மாள். “எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் ஏறினாரு. கையில பிளாஸ்க் கூட இருந்துச்சு. பாதியில தூங்கிட்டாரு.”

“அப்புறம் எழுந்தாரா?”

“நல்ல தூக்கம் அவருக்கு.”

கதவுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்கள். நான் முதலில் இறங்க வேண்டும் என்று. நான் தூங்கவில்லை. ஒவ்வொருவர் பெயராகக் கேட்டு மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அது பிரார்த்தனை போலத்தான் இருந்தது.

சமையலறையில் வெளிச்சம் குறைந்திருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. பிறகு வளையல் சத்தம் கேட்டது. நாற்காலியின் முதுகு ஓரிடத்தில் லேசாக நெளிந்து தெரிந்தது. அவள் அங்கேதான் இருந்தாள்.

பாலைச் சுட வைத்தேன். டிகாஷனை ஊற்றிக் கலந்து நீட்டினேன்.

“வெளியிலேருந்து வந்திருக்கீங்க,” என்றது குரல். “முதல்ல நீங்க குடிங்க.”

“இது உனக்கு.”

“நீங்க குடிக்காம நான் எப்படிங்க குடிக்கிறது?”

டம்ளர் என் பக்கம் நகர்ந்தது. நான் அவள் பக்கம் நகர்த்தினேன். மறுபடி என் பக்கம் வந்தது. மேஜையில் ஈரக் கோடு விழுந்தது. நகர்த்த நகர்த்த அவள் கையின் பலம் குறைவது டம்ளரில் தெரிந்தது.

“விளக்கு வைக்கணும். இருட்டிடுச்சு.”

“வைக்காதே.”

“வெள்ளிக்கிழமைங்க.”

“சாமி கொஞ்சம் காத்திருக்கும்.”

நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. எதுவும் இடிந்து விழவில்லை.

பில்டரில் வியாழக்கிழமைத் தூள் அப்படியே இருந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் ஊற்றினேன்.

“இந்த ரெண்டாவது எனக்கு,” என்றேன்.

பில்டர் யோசித்தது. அட்டையில் அப்படி இல்லை. கடைசியில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. கால் டம்ளர் சேர்ந்ததும் பாலை விட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்து குடித்தேன்.

“எப்படி இருக்குங்க?”

நன்றாக இருக்கிறது என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“ஒண்ணுமே இல்லை இதுல,” என்றேன்.

“ஆமாங்க,” என்றாள்.

பிறகு டம்ளர் மேலே எழுந்தது. அவள் அண்ணாந்து குடித்தாள். காபி காற்றில் விழுந்து, தொண்டை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறக் கோடாக இறங்கியது. நெஞ்சு வரை போனதைப் பார்த்தேன். அதன்பிறகு பார்க்க முடியவில்லை. நடுவில் புடவை வந்துவிட்டது. கழுத்து வந்தது. முகம் வந்தது. களைத்த முகம். பாதங்கள் மட்டும் இன்னும் வரவில்லை. டம்ளரில் ஒரு வாய் மீதி இருந்தது.

என் கட்டைவிரல் நுனி வெளுத்திருந்தது. அது நியாயம்தான் என்று தோன்றியது.

அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

“சர்க்கரை போடவே இல்லை நீங்க,” என்றாள்.

முப்பத்தெட்டு வருடத்தில் அவள் சொன்ன முதல் குறை. நான் எழுந்தேன்.

“எங்கே இருக்கு?”

“மேல் அலமாரியில. அங்கே போற கடைசி பஸ் போயிருக்கும்.”

“பரவாயில்லை. டம்ளரை மூடி வை.”

நடக்கத் தொடங்கினேன்.