வேகாத பக்கம்

விடிவதற்கு முன்பே மண்குழியில் இறங்கியாக வேண்டும். வெயில் ஏறினால் மண் இறுகிவிடும். இறுகிய மண் அச்சுக்குள் போகாது. முந்தின நாள் தண்ணீர் விட்டு ஊறவைத்த மண்ணை முழங்கால் புதையப் புதைய மிதிக்க வேண்டும். முதல் கால் வைக்கும்போது குளிர் எலும்பைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போகும். அப்புறம் மிதிப்பது சுலபம்.

அச்சுக்காரி அன்று, மகளை வீட்டில் விட்டுவிட்டு வந்து, தனியாக மிதித்தாள். செங்கல் சூளையில் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகத்தான் வேலை பார்ப்பார்கள். அவன் மண்ணை மிதித்து உருட்டித் தருவான். இவள் அச்சில் அறைந்து தரையில் கவிழ்ப்பாள். இவள் கவிழ்க்கிற கல்லுக்கு மூலை மழுங்காது. அதனால் வந்த பெயர்தான் அச்சுக்காரி. அவள் புருஷனை எல்லோரும் நெட்டை என்பார்கள். அவனைப் புதைத்த இடத்தில் இன்னும் புல் முளைக்கவில்லை.

மேஸ்திரி குழிமேட்டில் வந்து நின்றார்.

"முடியலேன்னா இன்னும் ரெண்டு நாள் வீட்டுல இரும்மா."

கருணையாகத்தான் சொன்னார். வராத நாளுக்குக் கூலி கிடையாது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதுதான் எல்லோருக்கும் தெரியுமே.

சூளைக்குப் பின்னால், முதலாளியின் நிலத்தில், தகரக் கொட்டகைகள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நின்றன. வரிசை என்று பெயர். அங்கே குடியிருப்பவர்கள் வரிசைக்காரர்கள். கொட்டகைக்குள் போக எல்லோருமே குனிய வேண்டும். நெட்டை மட்டும் இரண்டாக மடிய வேண்டும். எவ்வளவுதான் மடிந்தாலும் தகர விளிம்பு அவன் நெற்றியைப் பதம் பார்க்காமல் விடாது. "மாமா, பாதி ஆளு உள்ள போயாச்சு, மீதி ஆளு எப்ப வரும்?" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். சிரித்துக்கொண்டே நெற்றியைத் தடவிக்கொள்வான்.

அந்த வரிசைக்குத்தான் ஒரு நாள் கல்லூரிப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். கட்டடம் கட்டப் படிக்கிறவர்கள். படிப்பு முடிகிற வருஷம் அவர்கள் தங்கள் கையாலேயே ஒரு வீடு கட்ட வேண்டுமாம், அதுவும் சொந்த வீடு கனவில்கூட இல்லாதவர்களுக்காக, குறைந்த செலவில், அந்த வீட்டில் இருக்கப்போகிறவர்களோடு சேர்ந்து. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரிசைக்காரர்களுக்கென்று அரசாங்கம் எப்போதோ ஒதுக்கிப்போட்ட நிலம் சும்மா கிடந்தது. முதல் வீடு நன்றாக நின்றால் வருஷா வருஷம் ஒவ்வொன்றாகக் கட்டலாம் என்றார் கூட வந்த வாத்தியார். முதல் வீடு யாருக்கு என்று வரிசை கூடிப் பேசியது. பேச ஒன்றுமில்லை. ரொம்பக் குனிகிறவன் யாரோ அவனுக்கு என்று முடிந்தது.

முதலாளி செங்கல்லை இனாமாகக் கொடுத்தார். வாத்தியாரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். ஆனால் சொந்தக் கூரைக்குக் கீழே தூங்கி எழுந்தவன் கூலியைப் பற்றி வாய் திறப்பான் என்பது தெரியாத முதலாளி எந்த ஊரிலும் கிடையாது. கொடுக்கவும் வேண்டும், கொடுத்தது நிற்கவும் கூடாது. அவர் மேஸ்திரியைக் கூப்பிட்டு, சூளையின் வெளி அடுக்கிலிருந்து கல் எடுக்கச் சொன்னார்.

வெளி அடுக்குக்கு நெருப்பு எட்டாது. அங்கே இருக்கிற கல்லுக்கு ஒரு முகம் சிவந்திருக்கும், மறுமுகம் வெளிறிப் பச்சை மண்ணாகவே இருக்கும். அரைவேக்காடு. இது வரிசைக்காரர்களுக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தும் ஒருவரும் சொல்லவில்லை. ஏனென்று சொன்னால்தான் விளங்கும்.

அந்தச் சூளையில் வேகாத கல்லுக்குக் கூலி கிடையாது. மண் மிதித்தது, அறுத்தது, சுமந்தது எல்லாம் வீண். அடுக்கில் வெளிறிய கல் கண்ணில் பட்டால் மொத்த வரிசைக்கும் பிடித்தம். அதனால் கல்லை அடுக்கும்போது வெளிறிய முகத்தை உள்ளே திருப்பி, சிவந்த முகத்தை வெளியே காட்டி வைக்க எல்லோர் கையும் பழகிவிட்டது. நாலு நல்ல கல்லை மேலே வைப்பதும் அப்படித்தான். யாரும் யோசித்துச் செய்வதில்லை. கொசுவை விரட்டுவதுபோல விரலே செய்துவிடும்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் விரல் அதையேதான் செய்தது. கைமாற்றிக் கைமாற்றி வந்த கல்லை வரிசையின் கடைசியில் நின்று அடுக்கியவள் அச்சுக்காரி. பிள்ளைகள் கல்லைச் சோதிக்காமல் இல்லை. மேலே இருந்து நாலை எடுத்துத் தட்டிப் பார்த்தார்கள், தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தார்கள். நல்ல கல். சுவர் எழுப்பும்போது வரிசையே வந்து கை கொடுத்தது. இரண்டு கல் கனமுள்ள சுவரில் வெளிறிய முகமெல்லாம் நடுவே ஒளிந்துகொண்டது. நெட்டையும் அப்படித்தான் வைத்தான், தன் சொந்த வீட்டுக்கு.

பிள்ளைகளில் ஒருத்தி இடுப்பில் எப்போதும் அளவு டேப்பு தொங்கும். டேப்புப்பொண்ணு என்றே கூப்பிட்டார்கள். அவள்தான் நெட்டையை நிறுத்திவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, விரல்நுனி வரைக்கும் அளந்தாள்.

"வாசலு இவ்வளவு உயரம்ணே. இனி நீங்க குனியவே வேணாம்."

நெட்டை நெற்றியைத் தடவிக்கொண்டான். பிறகு, "குனியாம உள்ள போனா வீடுன்னே தெரியாதேம்மா. அடுத்தவன் வீடுன்னு திரும்பி வந்துருவேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அச்சுக்காரி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

கூரை போடுவதற்குள் மழை வந்துவிட்டது. காலம் தப்பிய மழை. நெட்டை தார்ப்பாயை எடுத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி ஓடினான். "நின்னதும் போலாமே" என்று அவள் கூப்பிட்டாள். "சுவரு நனையுதுடி" என்றான். அவன் கடைசியாகப் பேசியது அதுதான். சுவர் உள்ளுக்குள்ளேயே ஊறிக் கரைந்து அவன்மேல் உட்கார்ந்துவிட்டது. அவனைத் தோண்டி எடுத்தபோது வாசல் நிலை மட்டும் உயரமாக நின்றுகொண்டிருந்தது.

அவள் தனியாக மிதித்த அன்று, வெயில் ஏறிய நேரத்தில் முதலாளியே குழிக்கு வந்தார். செருப்பில் சேறு படாத தூரத்தில் நின்றார்.

"நாளைக்குக் காலேஜுல இருந்து பெரியவங்க வராங்க. விசாரிப்பாங்க."

"சரிங்கய்யா."

"நடந்ததச் சொன்னாப் போதும். சின்னப் பசங்க, அனுபவம் கெடையாது. சுவத்த அளவுக்கு மேல தூக்கிட்டாங்க. விழுந்துருச்சு."

"கல்லப் பத்திக் கேட்டாங்கன்னா?"

"கல்லு நீ அறுத்த கல்லுதானே. கெட்ட கல்லுன்னு உன் வாயால சொல்லுவியா?"

"அறுத்தது நானுங்கய்யா. வேகவெச்சது நான் இல்லியே."

"ஆமா, உன் அண்ணன். தீ போடறவன் அவன்தானே. அவனை வேலைய விட்டு அனுப்பிரட்டுமா?" முதலாளி குரலை இறக்கினார். "உனக்கும் உன் மகளுக்கும் கொட்டகை அப்படியே இருக்கும். நான் பாத்துக்கறேன். நாளைக்கு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

அவர் போன பிறகும் அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை. சொன்னால் தலைக்கு மேல் தகரம் நிலைக்கும். சொல்லாவிட்டால் தானும் மகளும் மட்டுமல்ல, அண்ணன் குடும்பமும், வரிசையும் தெருவில்.

மதியம் டேப்புப்பொண்ணு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. இடுப்பில் டேப்பு இல்லை. அச்சுக்காரி சுடாத காய்ந்த கல்லையும் பழைய சூளைக் கல்லையும் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, சாரு வாசலைக் கொஞ்சம் கொறைக்கச் சொன்னாரு. நான்தான் கேக்கல. அண்ணன் குனியக் கூடாதுன்னு அடம் புடிச்சுச் சுவத்தையும் தூக்கினேன்." அவளால் முழுசாகப் பேச முடியவில்லை. "நாளைக்கு என் தப்புதான்னு சொல்லிடப் போறேன். படிப்பையும் விட்டுடறேன். இனிமே ஒரு கோடுகூடப் போட மாட்டேன்கா."

அச்சுக்காரி "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண் இல்லையென்று தலையை ஆட்டி அழுதாள். அச்சுக்காரி அடுத்த கல்லை எடுத்தாள். வெளிறிய கல். விரல் அதைத் தானாகத் திருப்பி, சிவந்த முகத்தை வெளியே வைத்து அமுக்கியது.

அவள் தன் கையைப் பார்த்தாள். அந்தக் கையை வெட்டிப் போடலாம்போல இருந்தது.

சாயங்காலம் குழாயடியில் தண்ணீருக்காக வரிசை முழுவதும் கூடியிருந்தபோது அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"என் புருஷனக் கொன்னது கல்லு. அந்தக் கல்லத் திருப்பி வெச்சது நான். நீங்களும்தான். அவரும்தான்."

குழாயைத் திருகி மூடக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் வழிந்தது.

"எம் பொழப்பு என்னாகும்?" என்றார் அவள் அண்ணன். சூளைக்குத் தீ போடுகிறவர்; புருவமெல்லாம் கருகியிருக்கும். "கல்லு வேகலேன்னு சொன்னா மொதல்ல போறது நான்."

"வெறகப் பாதியாக் கொறச்சது யாருண்ணே? நீயா?"

"நான் சொன்னேன், இவ்வளவு வெறகுல வேகாதுன்னு. மொதலாளி பொக வந்தாப் போதும்னாரு."

"அத நாளைக்குச் சொல்லு."

"சொன்னா கொட்டகைய விட்டு எறக்குவான். பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போறது?"

"தெரியலண்ணே" என்றாள். "ஆனா அந்தப் பொண்ணு நம்ம தப்பத் தூக்கித் தலையில வெச்சிக்கிட்டுப் போகுது. அதையும் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தா, அடுத்த வீட்டுக்கும் இதே கல்லுதான் வரும். அடுத்தது யாருண்ணே? உன் மகனா?"

அண்ணி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். அதிகம் பேசாதவள். "அவரத் தோண்டும்போது கல்லு என் கையில மாவாப் பிசுபிசுத்துச்சு" என்றாள். "இன்னும் நகத்துக்குள்ள இருக்கு. எவ்வளவு கழுவியும் போகல." புருஷனைப் பார்த்தாள். "எறக்கினா எறங்குவோம். ஏறி என்னத்தக் கண்டோம்?"

அண்ணன் எழுந்து போய்க் குழாயை மூடினார்.

மறுநாள் விடியலில், எரிந்து முடிந்த சூளையைப் பிரித்தார்கள். சாம்பல் மூக்கில் ஏறியது. கல் இன்னும் சூடாக இருந்தது. கை மாறி வந்த கல்லை அச்சுக்காரி கடைசியில் நின்று வாங்கினாள். ஒவ்வொரு கல்லையும் நிறுத்தி, விரலோடு சண்டை போட்டு, வெளிறிய முகத்தை வெளியே வைத்தாள். கொஞ்ச நேரத்தில், அவளுக்கு முன்னால் நின்றவர்களே வெளிறிய முகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். முதலாளியும் கல்லூரிப் பெரியவர்களும் வாத்தியாரும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தபோது, ஆபீசுக்கு எதிரே ஆள் உயரத்துக்கு ஓர் அடுக்கு நின்றது. சிவப்பு அங்கங்கே. மற்றதெல்லாம் பச்சை மண்.

"என்ன இது?" என்றார் முதலாளி.

"கல்லுங்கய்யா. நம்ம கல்லு."

"திருப்பி அடுக்குங்க."

ஒருவரும் அசையவில்லை.

அச்சுக்காரி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிவந்து டேப்புப்பொண்ணுக்கு முன்னால் வைத்தாள். "அன்னைக்கு மேல இருந்து எடுத்த. மேல நல்லதா நான்தான் வெச்சேன். பிடித்தத்துக்குப் பயந்து பழகின கை, உன்னையும் ஏமாத்திருச்சு. இப்ப நடுவுல இருந்து உருவிப் போடு."

அந்தப் பெண் உருவினாள். தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்தாள். நீர் கலங்கியது. கல்லின் பாதி அவள் விரலிடுக்கில் சேறாக வழிந்தது. அவள் வாளியின் முன்னாலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தீ போட்டவனக் கேளுங்க" என்றார் முதலாளி.

"கேளுங்க" என்றபடி அண்ணன் முன்னால் வந்தார். "வெறகு கேட்டேன், குடுக்கல. வெளி அடுக்க அந்த வீட்டுக்கு அனுப்புன்னு சொன்னது யாருன்னு மேஸ்திரியக் கேளுங்க." மேஸ்திரி வேறெங்கோ பார்த்தார். மறுக்கவும் இல்லை.

"பொழுது சாயறதுக்குள்ள கொட்டகை காலியாகணும்" என்றார் முதலாளி. "எல்லாருடையதும்."

"பொழுது சாய இன்னும் நேரம் இருக்குதுங்கய்யா" என்றாள் அண்ணி. அடுக்குக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக, சாம்பல் கையோடும் சேற்றுக் காலோடும், வரிசை முழுவதும் உட்கார்ந்தது. கல் ஏற்ற வந்த லாரி வெறுமனே நின்றது. பெரியவர்கள் தங்களுக்குள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். மேலே சொல்கிறோம் என்றார்கள். அந்த மேலே எவ்வளவு மேலே என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் மட்டும் அவர்களோடு திரும்பிப் போகவில்லை.

டேப்புப்பொண்ணு வந்து அச்சுக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேர் கையிலும் ஒரே சேறு.

"வரிசையில இருந்து எறக்கிட்டா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் போவோம்" என்றாள் அச்சுக்காரி. "தார்ப்பாயக் கட்டியாவது இருந்துக்கறோம். நல்ல கல்லா நாங்களே அறுத்து, நாங்களே சுடறோம். நீ கோடு போடுவியா?"

அந்தப் பெண் கையிலிருந்த சேற்றைத் துடைத்தாள். பிறகு தோள்பைக்குள் கையை விட்டு டேப்பை எடுத்தாள்.

"வாசலு என்ன உயரம்கா?"

அச்சுக்காரி வாய்க்காலுக்கு அப்பால் பார்த்தாள். இடிந்த மண்மேட்டுக்கு மேலே அந்த வாசல் நிலை இன்னும் நின்றது.

"அந்த உயரமேதான்."

"இப்ப நம்மள்ல அவ்வளவு உயரம் யாரும் இல்லையேம்மா" என்றார் அண்ணன் மெதுவாக.

"இருக்கட்டும்ணே" என்றாள் அவள். "குனியாம போவோம்."