முதலில் தொட்ட யானை

செஸ் தேர்வுப் போட்டியின் கடைசிச் சுற்றில் என்னையும் ஜீஷானையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டார்கள். நாசமாய்ப் போக! மூன்று வருடமாக வண்ணார்பேட்டையில் அவனுடைய செல்போன் கடையில் தினமும் ஆடுகிறவர்கள் நாங்கள். மாநில அணிக்கு ஒரே இடம்தான் பாக்கி. கிடைத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை கேட்கலாம். அரைப் புள்ளி முன்னால் இருந்த ஜீஷானுக்கு டிரா போதும். தோற்றால் ரியாத், மாமா விசா அனுப்பிவிட்டார். போக அவனுக்குத் துளியும் மனசில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு வெள்ளை. வழக்கமான இத்தாலியன் ஓப்பனிங். அதில் வெள்ளையின் பிஷப், கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயையே முறைத்துக்கொண்டு நிற்கும். கறுப்பு சீக்கிரம் கேஸ்லிங் செய்து, அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி, ராஜாவை ஓரத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ஜீஷானும் அதற்குத்தான் கையை நீட்டினான். ஆனால் கடைப் பழக்கத்தில் யானையை முதலில் எடுத்துவிட்டான். போட்டியில் ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். யானையைத் தொட்டால் யானை மட்டும்தான் நகரும். கடையில் நாங்கள் இரண்டு பேருமே யானையைத்தான் முதலில் எடுப்போம். அங்கே எவன் கேட்டான்?

கை தானாக உயர்ந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். நடுவரைக் கூப்பிட நான்தான் உயர்த்தினேன்.

நடுவர் வந்தார். யானையை முதலில் தொட்டான் என்றேன். "நான் கவனிக்கலையே. தம்பி, நீங்க எதை முதல்ல தொட்டீங்க?"

பக்கத்து மேசைகளிலும் யாரும் பார்த்திருக்கவில்லை. 'ராஜா' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

"யானையைத்தான் சார்" என்றான் ஜீஷான்.

யானை நகர்ந்தது. ராஜா நடுவிலேயே மாட்டிக்கொண்டது. இருபத்தெட்டாவது நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டு என் கையைக் குலுக்கிவிட்டு எழுந்துபோனான்.

பஸ் நிறுத்தத்தில் அவனைப் பிடித்தேன். எனக்கு அவன்மேல்தான் கோபம் வந்தது, வெட்கங்கெட்ட கோபம்.

"ராஜான்னு சொல்லித் தொலைச்சா என்னலே?"

"தொட்டதைத் தொடலைன்னு எப்படிலே சொல்ல?"

பாளையங்கோட்டை பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தவன் திரும்பினான்.

"ஏலே குமரா, உனக்கும் அதே பழக்கந்தான். ஸ்டேட் டீம்ல போயி மறந்துறாத. ராஜாவை முதல்ல தொடு, என்ன?"

என்றைக்கு ரியாத் விமானம் என்று கேட்காமலே கையை ஆட்டினேன்.