மவுஸை ஆட்டிக்கொண்டிருந்தவள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. எங்கே வருகிறதென்று தேட வேண்டாம், நானே சொல்லிவிடுவேன். [சொல்ல வேண்டும்.]

முதல் தொடக்கம்: 'செங்கல்பட்டில் அன்று வெயில்…' வேண்டாம். வெயில் நினைவில்லை.

இரண்டாவது: 2003இல் ஒரு பிற்பகல். மருத்துவம் மூன்றாமாண்டு படிக்கும் பிரிசில்லா, கல்லூரியின் கணினி அறையில் மவுஸை ஆட்டிக்கொண்டிருந்தாள். இது இருக்கட்டும்.

2

அவள் செய்துகொண்டிருந்த பாடத்தை யாரோ ஒரு சிடியில் போட்டு விற்றிருந்தார்கள். திரையில் நோயாளி வருவார். விசாரித்து, சோதித்து, நோயைச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடம் மவுஸ் அசையாவிட்டால், ஆள் எழுந்துபோய்விட்டதாக எண்ணி எல்லாவற்றையும் அழித்துவிடும். யோசிப்பவரும் அதற்கு எழுந்துபோனவர்தான். பாதியில் சேமிக்க வழியில்லை. இருபது நோயாளிகளையும் ஒரே மூச்சில் முடித்தால்தான் தேர்வெழுத அனுமதி. அன்று கடைசி நாள்.

[செய்தவர் நோயாளியைப் பார்த்திருக்கலாம். மாணவரைப் பார்த்திருக்க மாட்டார்.]

ஏற்கெனவே இரண்டு முறை அழிந்திருந்தது. இரண்டாம் முறை அழுத முகத்தோடு வீட்டுக்கு வந்தவள், சோற்றுத் தட்டை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

"இன்னாடி, ஆட்டாங்காட்டி சோறும் அழிஞ்சிடுமா?" என்றாள் அவள் அம்மா எல்லம்மாள். மூன்று பேரும் சிரித்தோம்.

3

பதினெட்டாம் நோயாளிக்கு முட்டிவலி. அப்போது அறை உதவியாளர் தாமோதரன் வந்து நின்றார்.

"பிரிசில்லா, உங்க நைனா போன் பண்ணாரு. அம்மாக்கு மூச்சு வாங்குதாம். ஆஸ்பத்திரில சேத்துகீறாரு."

"வரச் சொன்னாரா?"

[தாமோதரனைப் பலமுறை திருத்தினேன். ஒரு பிரதியில், "நீ ஓடும்மா, நான் ஆட்டிகினு இருக்கேன்" என்கிறார். அவள் ஊருக்குப் போக மாமல்லபுரம் பேருந்தைப் பிடிக்கிறாள். அம்மாவின் கை இன்னும் சூடாக… அதுதான் நல்ல கதை. அடித்துவிட்டேன்.]

"முடிச்சிட்டே வரட்டும்னாரு. அவசரம் ஒண்ணும் இல்லியாம்."

பிரிசில்லா திரையைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

4

முடித்தாள். அனுமதிச் சீட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எல்லம்மாள் போய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. மறுநாள் வீட்டில் சவப்பெட்டியருகே உட்கார்ந்திருந்தவளின் வலது கை, பாயின்மேல் சிறிய வட்டங்கள் போட்டுக்கொண்டே இருந்தது.

இன்றும் சொல்வாள்: "மூச்சு வாங்குதுன்னதுமே நான் ஓடியாந்திருக்கணும் நைனா. நான்தானே படிச்சவ. உனக்கு இன்னா தெரியும்?"

எனக்குத் தெரியும். நான் போன் செய்வதற்கு முன்பே டாக்டர் என்னைத் தனியே அழைத்து, "பொண்ண வரச் சொல்லிடுங்க தேவசகாயம்" என்றிருந்தார். அந்தச் சோற்றுத் தட்டு கண்முன் வந்தது. அவசரமில்லை என்றேன்.

5

பிரிசில்லா இப்போது மதுராந்தகத்தில் டாக்டர். ஞாயிறுதோறும் வருவாள். நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான். இன்று ஞாயிறு. நான்காம் பகுதியின் கடைசிப் பத்தியை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுத்தால்

கேட் திறக்கிற சத்தம்.

அந்தப் பத்தி உங்கள் கையில் இருக்கிறதென்றால், நான் கிழிக்கவில்லை. படித்துவிட்டு அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். மற்றத் தாள்களை மேசைமேல் வைத்துவிட்டு, இந்தக் கடைசித் தாளோடு நான் வெளியே வந்துவிட்டேன். ஜன்னல் வழியாக அவள் கை மட்டும் தெரிகிறது. இன்னும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது.